இரண்டு நிமிடத்தில் முடிக்காதவர்

அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாள்படியிட்டால், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அடுத்த வாரம் வந்துகொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்களாம். ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச் சாமியாரே, "உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்க, கூட இருந்தவங்க கதையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். இதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

நாங்கள் வேலை பார்த்தது அடுக்குமாடி வீடுகளின் லிஃப்ட்களைப் பராமரிக்கும் நிறுவனம். தீவின் பல மூலைகளில் எங்கள் பொறுப்பில் புளோக்குகள், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்கள், இருந்தன. அலுவலகம் கேலாங் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. "ஆம்பளைக்கு லிஃப்டு, பொம்பளைக்கு போனு." யார் முதலில் சொன்னது என்று தெரியாது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு புளோக் புளோக்காக அலையும் டெக்னிஷன்கள் எல்லாரும் ஆண்கள். அலுவலகத்தில் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அழைப்பு மேசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் நான்கு பேரும் பெண்கள். பல வருடமாக அப்படித்தான். மேலே மின்விசிறி, கீழே தரை என்பது போல அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

நான் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படித்தவள். டெக்னிஷன் வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். "இப்போதைக்கு மேசையில் உட்கார்" என்றார் மேனேஜர். அந்த 'இப்போதைக்கு' நான்கு வருடம் இழுத்தது. எனக்கோ பேச்சு வராது. சிறு வயதிலிருந்தே ஊமைக்கோட்டான் என்று பேர் வாங்கினவள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் அழைப்பு எங்களுக்கு வரும். நான் புளோக் எண் கேட்பேன், எத்தனை பேர் என்று கேட்பேன், "ஆள் வருவாங்க" என்பேன், வைத்துவிடுவேன். சோதனைச்சாவடி அதிகாரியிடம் பேசின மாதிரி இருக்கிறது என்று ஓர் அம்மாள் புகார் கொடுத்தார். பேசும்போது சிரித்துக்கொண்டே பேசு, சிரிப்பு குரலில் தெரியும் என்று மேனேஜர் எனக்குப் புத்தி சொன்னார். சிரித்துப் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண், உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

முதலில் சொன்னேனே, அவரோ டெக்னிஷன். ஐம்பதைத் தாண்டிய ஆள், குள்ளம், உருண்டை முகம். சட்டைப் பையில் எப்போதும் யாராவது கொடுத்த மிட்டாய் இருக்கும். கை வேலை மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரோடு ஜோடி சேர ஒருவருக்கும் விருப்பமில்லை. லிஃப்ட் வேலையை இருவராகத்தான் செய்ய வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் அறையில், ஒருவர் கீழே. கீழே இவரை நிறுத்தினால், மேலே இருப்பவர் கூப்பிடும்போது இவர் வாய்ட் டெக்கில், அதுதான் புளோக்கின் தரைத்தளத்துத் திறந்த கூடத்தில், யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார்.

யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். இன்றைக்கு வீட்டில் என்ன சமையல்? மலாய்க்காரர்களிடம் "மசாக் ஆப்பா?" என்பார். சீனக் கிழவர்களிடம் ஹொக்கியெனில் கேட்பார். அவருடைய ஹொக்கியென் பாதி தப்பு என்று எங்கள் சீன ஊழியர்கள் சொல்வார்கள், ஆனால் அந்தக் கிழவர்கள் பதில் சொன்னார்கள். சமையலில் தொடங்கும் பேச்சு மருமகளில் போய் நிற்கும். ஒருமுறை கேலாங்கில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் போனவர், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதுவரை அவருடைய ஜோடி லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "பேசியே சாவடிக்கிறாரு, அக்கா. என்னை வேற யார்கூடவாவது போடுங்க" என்று அவன் என்னிடம் போனில் அழாத குறையாகச் சொன்னான்.

ஒரு மத்தியான வேளையில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நாங்கள் ஒரு பத்துப் பேர் இலை போட்டுச் சாப்பிட்டோம். யாருக்கோ பிரிவு உபசாரம். அவர் என் எதிரில் உட்கார்ந்தார். நான் பேசாமல் சாப்பிட்டேன். அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"என்னம்மா, வாய தொறக்கவே மாட்டேங்குற? மேசையில ஒக்காந்து எப்படி வேல பாக்குற?"

"கஷ்டமா இருக்கு அண்ணே. எனக்கு வெளிய போகணும். பத்து தடவ கேட்டாச்சு. மேசைக்கு வேற ஆள் கெடைக்கட்டும்கிறாரு மேனேஜர். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணும் பேசணும், பொம்பளையா இருக்கணும். அப்படி ஒருத்தி வரவே மாட்டேங்குறா."

அவர் ரசத்தைக் குடித்துவிட்டு யோசித்தார்.

"பொம்பளையா இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. ஆனா அப்படித்தான்."

"ஒனக்கு மெஷின் பிடிக்குது, பேச்சு வரல. எனக்குப் பேச்சு வருது, நான் பேசினா எவனுக்கும் பிடிக்கல. நம்ம ரெண்டு பேரையும் மாத்தி ஒக்கார வச்சிருக்கானுங்க லா. நான் வந்து ஒக்காரட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மேனேஜர் அறைக்குப் போய்விட்டார். உள்ளே எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முடிவதற்குள் உத்தரவு வந்தது. மூன்று மாதம் சோதனை. அவர் மேசையில், நான் வெளியே. மேசையில் அவர் சரிப்பட்டு வந்தால் இரண்டு பேருக்கும் நிரந்தரம். இல்லாவிட்டால் இரண்டு பேரும் பழைய இடத்துக்கு. என் நான்கு வருட ஆசை அவருடைய வாயில் போய்த் தொங்கிக்கொண்டு நின்றது. எனக்குத் தூக்கம் போனது.

மேசைக்கு ஒரு விதி இருந்தது. எந்த அழைப்பும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

டெக்னிஷன்கள் அழைத்தால், மேசையில் யார் எடுத்தாலும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்றுச் சேர்ந்த சின்னப் பெண்ணாக இருந்தாலும் அக்காதான். அவர் உட்கார்ந்த முதல் நாள், "அக்கா, இங்க வேல முடிஞ்சிருச்சு அக்கா" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டு ஒரு கூட்டமே கெக்கலித்தது. "சரி தம்பி, அக்கா எழுதிக்கிட்டேன். வெயில்ல நிக்காம போய்ச் சாப்பிடு" என்றார் அவர். 

மேசைப் பெண்களுக்குத்தான் அவர் வந்தது சங்கடமாக இருந்தது. அது எங்கள் மூலை. மூத்த சீனப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். இவர் வந்த அன்று காலைக் கீழே இறக்கிக்கொண்டார். ஸ்டேப்ளர் தேடி இவர் ஓர் இழுப்பறையைத் திறக்க, அதில் பெண்கள் மாதாமாதம் உபயோகிக்கும் பொருள்கள் இருந்தன. மெதுவாக மூடிவிட்டார். மறுநாள் ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்து அந்த இழுப்பறைக்குப் போட்டு, சாவியை அந்தப் பெண்மணி முன்னால் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனிதருக்குப் பேசாமல் இருக்கவும் தெரிகிறதே என்று, கேள்விப்பட்ட எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து நான் அலுவலகம் போனபோது அந்தப் பெண்மணியின் கால் மறுபடி நாற்காலியில் இருந்தது.

என் கதையும் ஓடிக்கொண்டிருந்தது. என் காலுக்கு ஏற்ற பாதுகாப்புக் காலணி நிறுவனத்தில் கிடையாது. இருப்பதிலேயே சின்னதை வாங்கி இரண்டு காலுறை போட்டு நடந்தேன். கருவிப் பையோடு லிஃப்ட் முன்னால் நான் நிற்கும்போதே, டெக்னிஷன் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. "பொம்பளப் புள்ள அந்தக் குழிக்குள்ள எல்லாம் எறங்கணுமா?" என்று அம்மா கேட்டார். இறங்கினேன். லிஃப்டின் அடிக்குழியில் நின்று மேலே பார்த்தால் கம்பிகள் ஒழுங்காக ஏறிப் போகும். அங்கே யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. என்னோடு ஜோடி சேர்ந்த மலாய்க்காரரும் என்னைப் போலவே. காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம், நடுவில் ஸ்பேனர். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அது நடந்தது. சுவா சூ காங்கில் ஒரு புளோக்கில் மலாய் மாது ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேசையில் இரண்டு பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மூத்த பெண்மணி இன்னொரு அழைப்பில் இருந்தார். இவர்தான் எடுத்தார். அந்த மாது பயந்து கதவைக் கையால் பிளக்கப் பார்த்திருக்கிறார். அதைவிட ஆபத்து வேறில்லை. இவர் அத்தை என்று மலாயில் கூப்பிட்டு, வழக்கம் போல ஆரம்பித்தார். "மக்சிக், பெருநாளைக்கு மசாக் ஆப்பா?"

ரெண்டாங் என்றார் அந்த மாது. இறைச்சி வெந்துகொண்டிருக்கிறதாம். அதில் போட மஞ்சள் செடியின் இலை தீர்ந்துவிட்டதாம். கீழே கடையில் வாங்கிவரக் கிளம்பினாராம்.

"அடுப்ப அணைச்சிட்டீங்களா?" என்றார் இவர், மலாயில்.

அணைக்கவில்லை. பிறகு அந்த மாது அலற ஆரம்பித்தார்.

கைப்பேசி வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணிடம் ஒரு சாவி உண்டு, ஆனால் பதற்றத்தில் அவள் எண் ஞாபகம் வரவில்லை. இவர் அவசரப்படுத்தவில்லை. தேங்காய்ப்பால் முதலிலேயே ஊற்றுவீர்களா, கடைசியிலா என்று கேட்டு, நடுநடுவே ஒவ்வோர் இலக்கமாக அந்த எண்ணைப் பிடுங்கினார். ஒரு காதில் அந்த மாது, மறு காதில் தன் சொந்தக் கைப்பேசியில் பக்கத்து வீட்டுப் பெண். நானும் என் ஜோடியும் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது அந்த மாது எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே போனேன். தாழ்வாரம் முழுக்கப் புகை நாற்றம். பக்கத்து வீட்டுப் பெண் கருகின பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கின துணியின் விளிம்பு கறுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் துணி பற்றியிருக்கும்.

அந்த அழைப்பு பதினோரு நிமிடம். அதே பதினோரு நிமிடமும் ஃபேரர் பார்க்கில் ஒரு புளோக்கில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், பழுதான லிஃப்ட் முன்னால், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அழைப்பு இவருடைய லைனில் விழுந்திருந்தது; விளக்கு எரிந்ததை இவர் பார்க்கவில்லை. அந்தப் பெரியவருக்கு மருத்துவமனையில் நேரம் கொடுத்திருந்தார்கள், அது தவறிப்போனது. அவர் மகன் புகார் கொடுத்தான். நியாயமான புகார்தான்.

மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது இவர், "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக அதற்கு முன் எதையும் சொல்லியிருக்க மாட்டார். மாத முடிவு வரை, மேசைக்காரர்களுக்குக் கொடுத்திருந்த அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகு அவர் பழையபடி டெக்னிஷன், நான் பழையபடி மேசை. இதுதான் தீர்ப்பு.

விஷயம் தெரிந்து நான் அலுவலகத்துக்கு ஓடினேன். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டதோடு என்னையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"அடுப்பு எரிஞ்சத சொன்னீங்களா அண்ணே?"

"இல்ல."

"ஏன்?"

"அது வேற, இது வேறம்மா. அந்தப் பெரியவரு போனப் பிடிச்சுக்கிட்டே காத்திருந்தாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு அவரு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பழம் வாங்கிட்டுப் போனேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வந்துட்டேன்." பிறகு என் காலணியைப் பார்த்தார். "ஒனக்குத்தான் துரோகம் பண்ணிட்டேன், தங்கச்சி. வாயக் கட்ட முடியல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் பேசுவதையே விட்டுவிட்டார். அழைப்பு வந்தால் அட்டையை வாசித்தார். தயவுசெய்து பதற்றப்பட வேண்டாம், எங்கள் ஊழியர் வந்துகொண்டிருக்கிறார். வைத்துவிடுவார். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். வேலை முடிந்தது என்று சொல்ல நான் அழைத்தாலும் "சரிம்மா" என்பதோடு சரி. டெக்னிஷன்கள்கூட, அக்காவுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் விசாரித்தார்கள். முன்பு அவரோடு ஜோடி சேர மாட்டேன் என்று அழுதவன்தான் முதலில் கேட்டான். அலுவலகம் போனேன். மூத்த பெண்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது செய், எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. கண் கலங்கியது, ஒளிப்பானேன்?

மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். அவர் சீனர், நல்ல மனிதர், எண்களை நம்புகிறவர். நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

"என்ன?" என்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். ரெண்டாங்கில் தொடங்கினேன். மஞ்சள் இலை, சாவி, ஒவ்வொன்றாகப் பிடுங்கின இலக்கங்கள், கறுத்த துணி, எல்லாம் சொன்னேன். அந்த மாது கதவைப் பிளக்க முயன்றதைச் சொன்னேன். அந்த அழைப்பை நான் எடுத்திருந்தால் ஆள் வருவாங்க என்று சொல்லி ஒரு நிமிடத்தில் வைத்திருப்பேன், வீடு எரிந்திருக்கும், உங்கள் கணக்கில் நான் நல்ல ஊழியராக இருந்திருப்பேன் என்றேன். பெண் குரல் வேண்டும் என்று என்னை உட்கார வைத்தீர்கள், பேசத் தெரியுமா என்று கேட்டீர்களா? ஆண் என்று அவரைக் குழிக்குள் இறக்கினீர்கள், அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டீர்களா? சக்கர நாற்காலிப் பெரியவருக்கு நடந்தது தப்பு. அது இனி நடக்காமல் இருக்க வழி இருக்கிறது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பு மட்டும் அவருக்குப் போகட்டும். பழுது, புகார் எல்லாம் மற்ற மூவருக்கும்; அவர் பேச்சில் இருக்கும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டால் அதையும் அவர்களே எடுக்கட்டும். அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்த மூவரிடமும் கேட்டுவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம்.

இன்னும் என்னென்னவோ சொன்னேன். என் காலணியைப் பற்றிக்கூடச் சொன்னேன். தொண்டை வறண்டது. மேனேஜர் தன் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு இவ்வளவு பேச வருமா?" என்றார்.

"வராது சார்" என்றேன்.

அவர் அழைப்புக் கணக்குத் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தார். நாளையிலிருந்து லைனைப் பிரித்துவிடலாம், மேசையில் அவர் இருக்கட்டும் என்றார். "அப்படியானால் நீயும் வெளியேதான். மேசைக்குத் திரும்ப முடியாது. சம்மதமா?"

"சம்மதம்."

"நாளை வரை எதற்கு, அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு" என்றார்.

நான் மேசைக்கு வந்தேன். அவர் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார். யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பையன் போல. அவன் குரல் நடுங்குவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இவர் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல வாசித்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்க அண்ணே" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லியாச்சு. நீங்க இங்கதான், நான் வெளியதான். பேசுங்க."

அவர் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போனது. அட்டையைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"தம்பி, இவ்வளவு நேரம் ஒங்ககிட்ட பேசினது வேற ஆளு. நான் இப்பதான் வர்றேன்."